காலாவதி

மூன்று ஐந்துக்குப் பேஜர் கத்தியது.
தார்த்துவில் வெளியே மைனஸ் பதினெட்டு.
சாக்ஸ்கூடப் போடாமல் மடிக்கணினியைத் திறந்தேன்.
வரைபடத்தில் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது,
மலை ஏறுகிற மாதிரி அல்ல,
சுவர் எழும்புகிற மாதிரி.

விஷயம் இவ்வளவுதான்:
இருபது லட்சம் விடைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம்,
தலைக்கு ஒரு மணி நேர ஆயுள்.
இரண்டு ஐந்துக்கு இயந்திரங்களை மறுதொடக்கம் செய்தவள்
அத்தனையையும் ஒரே மூச்சில் நிரப்பினாள்.
ஒரே நொடியில் பிறந்தவை
ஒரே நொடியில் செத்தன.
அடியில் கிடந்த தரவுத்தளத்தின் மேல்
இருபது லட்சம் கேள்விகளும்
ஒன்றாக வந்து விழுந்தன.

இந்திரெக் தொலைபேசியில் வந்தான்.
பின்னால் அவன் குழந்தை அழுதது.
இன்னும் நாலு சர்வர் சேர்க்கட்டுமா என்றேன்.
"நாலு வாய்தான் கூடும்.
அடுப்பு ஒன்றுதானே" என்றான்.

அன்றிரவு புயல்.
மேற்குக் கரை முழுக்க ஒரே சொல்லைத் தேடியது: பிராம்.
சாரேமா தீவுக்குப் போகும் படகு.
எங்கள் மொழியில் வேற்றுமை பதினான்கு.
பிராமி, பிராமிலே, பிராமிஸ்த்,
படகின், படகுக்கு, படகிலிருந்து.
எந்த உடுப்பில் வந்தாலும் சொல்லை அடையாளம் காண
ஹெல்வே ஆறு வருடம் உழைத்திருக்கிறாள்.
அந்த ஆறு வருடமும்
வெற்றுப் பக்கத்தில் சுழன்ற ஒரு வட்டத்தின் பின்னால்
வரிசையில் நின்றது.

பதிவேட்டில் ஒரு முகவரி
நானூற்றுப் பதினேழு முறை கேட்டிருந்தது,
படகு உண்டா, படகு உண்டா என்று.
யாரோ துறைமுகத்தில், காருக்குள்,
விரல் விறைக்க விறைக்க அழுத்துகிறார் என்று நினைத்தேன்.
இல்லை.
அந்த மனிதர் ஒருமுறைதான் தொட்டார்.
பதில் வராவிட்டால் உடனே திரும்பக் கேள் என்று
நாங்கள்தான் நிரலில் எழுதியிருந்தோம்.
விழுந்தவனைத் தூக்கிவிடுகிறேன் என்று
அவன் நெஞ்சின்மேல் ஏறி நின்றது
எங்கள் அக்கறை.

நாலு மணிக்குப் பழைய விடைகளைத் திறந்துவிட்டேன்.
காலாவதியானவை, இன்னும் அள்ளிப் போகாத குப்பை.
ஆனாலும் விடைகள்.
கோடு இறங்கியது.
தேநீர் போட்டுக்கொண்டேன்.

ஐந்தரைக்கு விர்ட்சு துறைக்கு
ஒரு பால் லாரி போய்ச் சேர்ந்திருக்கிறது.
படகு ஓடுகிறது என்று காட்டியிருந்தோம்.
இரண்டரைக்கே நிறுத்திவிட்டார்கள்.
ஓட்டுநர் எல்மார் லீவக் திட்டி எழுதவில்லை.
ஒரே வரி:
"இது எப்போது தெரிந்த தகவல் என்று போட்டிருந்தால்
நான் தூங்கியிருப்பேன்."

திருத்தம் மொத்தம் நாற்பத்தொரு வரி.
எல்லா ஆயுளிலும் சில நிமிடம் கூட்டு, அல்லது குறை,
எத்தனை என்பதைப் பகடை சொல்லட்டும்.
திரும்பக் கேட்குமுன் காத்திரு.
அடுத்த முறை இருமடங்கு காத்திரு.
பழைய விடையின் கீழே
சாம்பல் நிறத்தில் அதன் வயதைப் போடு.

அறிக்கைக்கு எங்களிடம் ஒரு விதி:
யார் என்று எழுதாதே, எது என்று எழுது.
நல்ல விதி. அது வந்த நாளில்
முதலில் கை தூக்கியவள் நான்.
"இரண்டு ஐந்துக்கு மறுதொடக்கம் செய்யப்பட்டது"
என்று எழுதினேன்.
வாக்கியத்திலிருந்து ஒரு கை
சத்தமில்லாமல் வெளியேறியது.
இந்திரெக் படித்தான்.
ஒரு காற்புள்ளியை மட்டும் நகர்த்தினான்.

எல்மாருக்குத் தனியாக எழுதினேன்:
அதை அழுத்தியது நான்தான், லீலோ.
எழுதி வைத்துவிட்டு
அனுப்பாமலே ஒன்பது நாள் சுற்றினேன்.
அனுப்பிய அன்று அடியில் சேர்த்தேன்,
சாம்பல் நிறத்தில்:
இந்தக் கடிதம் ஒன்பது நாள் பழையது.