ஆறு

பர்ஸில் பாக்கெட் தைப்பது என் வேலை.
மேல்விஷாரம் கம்பெனியில் பதினோரு வருஷம்.
கார்டு வைக்க ஒன்று, சில்லறைக்கு ஒன்று,
யாருக்கும் தெரியாமல் மடித்துவைக்க
உள்ளே ஒன்று.
தோலும் லைனிங்கும் நூலளவு விலகினாலும்
விரல் சொல்லிவிடும் எனக்கு.

வாய்க்குள் விலகியதைச் சொல்லவில்லை.

வலி இல்லை. அதுதான் வினை.
காலையில் துப்பும் நுரை
ரோஜா நிறத்தில் ஓடும் தொட்டியில்.
பிரஷ் முரடு என்று பிரஷ்ஷை மாற்றினேன்,
பேஸ்ட் காரம் என்று பேஸ்ட்டை.
ரத்தம் கசிகிற பக்கத்தைப்
பாவம் என்று தேய்க்காமலே விட்டேன்.
கொய்யாவைக் கடித்துவிட்டுப் பார்த்தால்
வெள்ளைச் சதையில் சிவப்பாய்
என் கீழ்வரிசையின் கையெழுத்து.

கம்பெனி பஸ்ஸில் தஸ்லீம்
நான் பேசும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்புவாள்.
காற்றுக்கு என்று நினைத்திருந்தேன்.
ஒருநாள் என் உள்ளங்கையில்
ஓர் ஏலக்காயை வைத்து
விரல்களை மூடிவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன்.
துவைத்துச் சுருங்கிய ரவிக்கைக் கைபோல
ஈறு ஏறிப்போய்
பல்லின் மஞ்சள் வேர் தெரிந்தது.
பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தான் மகன்
அடுத்த அறையில்:
"ஈறு போதல், ஈறு போதல்,
கருமை கூட்டல் விழி, கருவிழி,
ஈறு போதல்."
டார்ச்சை அணைத்தேன்.

காட்பாடியில் டாக்டர் பிரிசில்லா
கோடு போட்ட மெல்லிய கம்பியை
பல்லோரமாய் இறக்கி இறக்கிச் சொன்னார்;
கட்டம் கட்டமாய் எழுதினான் ஒரு பையன்.
"மூணு. ரெண்டு. மூணு.
அஞ்சு. ஆறு. ஆறு."

"பாக்கெட் விழுந்திருக்கு, கோமளவல்லி.
மூணு வரைக்கும் சரி.
அதுக்குக் கீழ பிரஷ் எட்டாது.
அடியில எலும்பு கரையுது."

நான் தைக்காத பாக்கெட்.
யாரோ எதையோ
வருஷக்கணக்காய்ச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

"சர்க்கரை பார்த்திருக்கீங்களா?"
பார்த்ததில்லை.
பார்த்தால், இருந்தது.

"சுத்தம் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே?"
"ஆடுற பல்லைக் காரை பிடிச்சிட்டு நிக்குது.
முட்டுக்கொடுத்த மாதிரி தெரியும்.
அது கரையான் புத்து."

நாலு வியாழக்கிழமை, நாலு அரைநாள் சம்பளம்.
மரத்த உதடு யாருடையதோபோல் தொங்க
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டும் சத்தம்
மண்டையோட்டுக்கு உள்ளிருந்து கேட்டது.
பிறகு பல் சந்துகளில் காற்று புகுந்தது.
பானைத் தண்ணீரும் மின்சாரமானது.
குடியாத்தம் தீக்குச்சியில் பாதி நீளத்துக்கு
ஒரு குட்டி பிரஷ் தந்து
சந்துக்குச் சந்து விட்டெடுக்கச் சொன்னார்,
தினமும், தூக்கம் வந்தாலும்.
முதல் வாரம் ரத்தம் வந்தது.
விடவில்லை.
மூன்றாம் வாரம் நுரை வெள்ளையாய் ஓடியதை
தொட்டியருகே நின்று
கொஞ்ச நேரம் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பி.
"மூணு. மூணு. நாலு. மூணு."
பையனின் பேனா வேகமாய்ப் போனது.
கடைவாயில் நின்றது.
"ஆறு.
இது மட்டும் இன்னும் ஆறல.
ஈறைத் திறந்து பார்க்க வேண்டிவரலாம்."

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில்
பஸ் நெரிசலில் நின்றுவிட்டது.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
நடுவில் நேற்றைய மழை
கோடு கிழித்ததுபோல் கொஞ்சம் தண்ணீர்.
ஆறு என்று சொல்லிப்பார்த்தேன்,
எண்ணாக ஒருமுறை,
அதன் பெயராக ஒருமுறை.
பிறகு நாக்கைக் கடைவாயில் வைத்துக்கொண்டு
அதற்கு மட்டும் கேட்கும்படி,
ஆறு.

மறுநாள் தஸ்லீம் ஏலக்காய் தரவில்லை.
நானே கேட்டு வாங்கினேன்,
ருசிக்கு.