தலைச்சுழி

எங்கள் ஸ்டேஷனில்
என் பெயரில் ஒரு தாள் இருக்கிறது.
நான் பார்த்ததில்லை.
பார்க்கக் கேட்டு மூன்று மனு கொடுத்தேன்.
இரகசியம் என்றார்கள்,
என்னைப் பற்றியதை என்னிடமே.

மந்திரி குளச்சல் வழியாகப் போகிற நாளுக்கு
முந்தின ராத்திரி கதவு தட்டப்படும்.
"சட்டையப் போட்டுட்டு வாரும் ஓய்,
சும்மா இருந்துட்டு விடியக்காலம் போலாம்."
ஐஸ் கம்பெனியில் அம்மோனியா வால்வு திருகுகிற கை
விடியும்வரை
பெஞ்சில் கொசு அடிக்கும்.
எட்டாவது தடவை
என் வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டு
சட்டையையும் எடுத்துத் தந்தாள்.

கத்தார் வேலைக்குப் பாஸ்போர்ட் எழுதினேன்.
'பாதகமான அறிக்கை' என்று
ஒரு வரி திரும்பி வந்தது.

ரிட்டயராகப் போகிற ஏட்டு ஒருவர்
சாயாவுக்கு நடுவில் சொன்னார்:
துறைமுகம் வேண்டாமென்று மறியல் நடந்ததே,
அன்று கல்லெறிந்தவன் சூ. கிளிட்டஸ்.
நான் சூ. கிளீட்டஸ்.
அவன் அப்பன் சூசைமரியான், என் அப்பன் சூசையடிமை.
ளகரத்தின் மேல்விலங்கில் ஒரு சுழி,
அவ்வளவுதான் வித்தியாசம்.
"எல்லாம் தலைச்சுழி" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன். பெஞ்சு அவர்களுடையது.

கல்லெறிந்தான் என்பதும் தாள் சொல்வதுதான்.
எனக்கு எழுதியதைப் பார்த்த பிறகு
அவனுக்கு எழுதியதை எப்படி நம்ப?

தேடிப் போனேன், வள்ளவிளைக்கு.
பாதித் தெருவைக் கடல் தின்றிருந்தது.
மீதித் தெருவில் செல்மா கதவைத் திறந்தாள்.
கார்த்திகைப் புயலில் போனவன் அவன்.
மீன்துறை ஏட்டில்: காணவில்லை.
ஸ்டேஷன் ஏட்டில்: தலைமறைவு.
ரேஷன் கடையில் இன்னும் குடும்பத் தலைவர்,
மாதாமாதம்
அவனுக்கும் அரிசி நிறுக்கிறார்கள்.

மனுவை நீட்டினேன்.
"ஒங்க வீட்டுக்காரர் இல்லைன்னு
நீங்க ஒரு ஒப்பு போட்டா
எம் பேரை எடுத்துருவாங்க."

இரண்டு தடவை வாசித்தாள்.
'தலைமறைவு' என்ற இடத்தில் விரல் நின்றது.
"போலீசு தேடுதாங்களா அண்ணா?
விசாரிக்காம அப்பிடி எழுத மாட்டாங்கல்லா?"

விசாரிக்காமல் எழுதியதற்கு ஆதாரம்
அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.
வாயைத் திறக்கவில்லை அது.
கட்டஞ்சாயா குடித்தது,
கடைசி பஸ்ஸைப் பிடித்தது.
மனு ஒப்பில்லாமல்
சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து
மடிப்பில் கிழிந்துகொண்டிருக்கிறது.

போன செவ்வாய் மறுபடியும் தட்டினார்கள்.
புது எழுத்தர், மீசை இன்னும் சரியாக வராதவன்,
பதிவேட்டில் என் பெயரை எழுதினான்,
சுழி இல்லாமல்.
"தம்பி, அது நெடில்" என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதான், ஒப்பு போடும்."

நெடிலாகவே போட்டேன்,
பேனா முனை
அடுத்த பக்கத்தில் இருப்பவன் பெயரிலும்
இறங்குகிற அளவுக்கு அழுத்தி.