பதினொரு சென்டிமீட்டர்

கரையிலிருந்து இருபது தப்படியில் துளை போட்டு அளந்தேன்.
பதினொன்று.
விரல் விறைத்துவிட்டது. வண்டிக்குள் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
ரிம்காவுதாஸ் போனில் கேட்டான்,
நடுவில் எப்படி?
நடுவிலும் அதேதான், தாங்கும், போ, என்றேன்.

போகாத ஒன்றரைக் கிலோமீட்டரை
ஓர் 'உம்' போட்டு நடந்து முடித்தேன்.

துளைக்குள் பலகையை இறக்கி
மரச்சுத்தியால் தட்டி மீனைக் கூப்பிடுவது
குரோனியன் காயலில் எங்கள் வழக்கம்.
அவன் தட்டுவது மதியம்வரை கேட்டதாம்.
அதற்குப் பிறகு
மற்றவர்கள் தட்டியது மட்டும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
நீரோட்டம் என்று எழுதிக்கொண்டு போனார்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?
பதினாறு வருஷமாக
வேறுவேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

தண்டனையை என் அளவுக்கு நானே தைத்துக்கொண்டேன்.
ஸ்டின்டா மீன் தொடுவதில்லை. அதன் வெள்ளரிக்காய் வாசம்
ஜனவரிச் சந்தையில் தெருவை அடைத்து நிற்கும்போது
தபால் நிலையம் வழியாகச் சுற்றிப் போவேன்.
படுக்கையறை ஜன்னலைச் சாத்துவதில்லை.
அந்தத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு குளிரா?
ஒப்பிடுவதற்காகத்தான் திறந்து வைத்தேன்.
மனைவி சண்டை போட்டாள். பிறகு
போர்வையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போனாள்.
என் குளிருக்கு அவளும் வாடகை கட்டியது
எனக்கு உறைக்கவே இல்லை.

நாலு குளிர்காலம் காயல் உறையாமல் கிடந்தது.
ஊரே புலம்பியது. நான் நிம்மதியாக இருந்தேன்.
அந்த நிம்மதியையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வருஷம் உறைந்தது.

டாங்குவோலே வீட்டுக்குப் போனேன்.
விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே சொன்னேன்,
நடுவரைக்கும் நான் போகவில்லை, அன்றைக்கு.
தெரியும், என்றாள்.
நீ என்றைக்கு நடுவரைக்கும் போயிருக்கிறாய், வைடோடாஸ்?
அவருக்கும் தெரியும். மீன் ஆசை.
பிறகு,
அந்தப் பெரிய கட்டையை இப்படித் தள்ளு.
தள்ளினேன்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
சொல்வாள் என்று வழியெல்லாம்
ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.
அதைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பக் கூச்சமாக இருந்தது.
காயலுக்குப் போனேன்.

ஐம்பது தப்படி, ஒரு துளை. பதினெட்டு.
இன்னும் ஐம்பது. பதினெட்டு.
பதினேழரை.
கரையில் நின்றவர்கள் சிரித்திருப்பார்கள்,
காயலுக்குப் பொத்தான் துளை எடுக்கிறான் என்று.
காலடியில் பனிக்கட்டி முனகியது, நீளமாக,
தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல.
அது யாரையும் மன்னிப்பதில்லை.
யாரென்று கேட்பதும் இல்லை.
பொறுக்கும். பொறுக்கிற மட்டும் பொறுக்கும்.
கனம் பார்த்துக் கால் வைப்பது
கால் வைப்பவன் வேலை.

பொழுது சாயும்போது நாற்பத்தோராவது துளை. பதினைந்து.
நடு.
அதுவரை ஒரு காலையாவது
பாதி தூக்கியே வைத்திருந்தேன் போலிருக்கிறது.
இரண்டையும் ஊன்றினேன்.
பொறுத்தது.
என்னையும்.

அவன் விழுந்த இடம் இன்னும் வடக்கே.
அங்கே போகவில்லை. இருட்டிவிட்டது,
அதுமட்டும் காரணமில்லை.

ராத்திரி ஜன்னலை இழுத்தேன்.
பதினாறு வருஷ ஈரத்தில் சட்டம் உப்பியிருந்தது.
ஒரு விரல் அகலத்துக்கு மேல் மூட மாட்டேனென்றது.
நாளைக்கு
இழைப்புளியைத் தேடி எடுக்க வேண்டும்.