பெயருக்கு விட்ட இடம்

நாற்பது வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு காலியிடம்,
பெயர் வந்து உட்கார.
'……, பாலம்வரை போய்வரப் பன்னிரண்டே நிமிடம்.'
'……, நேற்றைவிட முந்நூறு அடி குறைவு. பரவாயில்லை.'
அந்தப் பரவாயில்லைக்காக மட்டும்
பேராசிரியரோடு அரைமணி நேரம் வாதாடினேன்.

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டு தொடங்கிவிடும்.
நூற்றுப் பதினெட்டு மாணவர்களை
நாற்காலியைவிட்டு எழுப்புகிற நான்
வெளியே நடந்து மூன்று வாரமாகிறது.
மழையா என்று யாராவது கேட்டால்
செயலியைப் பார்த்துத்தான் சொல்வேன்,
சன்னல் பக்கத்திலேயே இருக்க.

பதில் அனுப்ப வழி வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.
வந்தது ஒன்று, எண் இருபத்தேழிடமிருந்து:
'கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடக்கிறேன்.
ஆனாலும் நிறுத்திவிடாதீர்கள்.
இந்த வாரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது
இது ஒன்றுதான்.'

விதிப்படி அவனை நீக்க வேண்டும்.
பட்டியலில் அவன் பெயர்மேல் விரல் நின்றது.
தாவெத்.
நாற்பதில் ஒன்றும் அவனுக்குப் பொருந்தவில்லை.
'தாவெத், ஆற்றோரம்' என்று தொடங்கினேன்.
ஆற்றோரம் என்ன?
உறைந்துவிட்டதா, ஓடுகிறதா,
வாத்துகள் உண்டா, போய்விட்டனவா?
படுத்துக் கிடப்பவனிடம்
பொய் எழுத மனம் வரவில்லை.

பூட்ஸைத் தேடவே வெகுநேரம் பிடித்தது.
ஒன்றுக்குள் பழைய ரசீது.

பாலம்வரை பன்னிரண்டு இல்லை, இருபது நிமிடம்.
முதலில் அதைத் திருத்த வேண்டும்.
ஆறு ஓரத்தில் மட்டும் உறைந்திருக்கிறது.
வாத்துகள் ஒன்பது.
பத்தாவது
வாத்தா பனிக்கட்டியா தெரியவில்லை,
இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கிறேன், தாவெத்.