டைட்டனில் தரை இல்லை

நமுனுகுலையில் மூன்று நாள் அடைமழை.
கடைசிக் காம்பிராவில், பேட்டரி செத்த மடிக்கணினியில்
நான் சனியின் பெரிய நிலாவில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆரஞ்சு மூட்டம்.
காற்று நம்மூரைவிடக் கனம், எடையோ ஏழில் ஒன்று.
கலம் விழுவதில்லை,
யோசித்து யோசித்து வருகிறது.
அதற்குள் இரண்டு தரம் கரண்ட் போய்
முதலிலிருந்து தொடங்கியாயிற்று.

உயரம் ஐம்பது மீட்டர். பத்து. பூச்சியம்.
அதற்குப் பிறகும் எண்கள் நிற்கவில்லை:
மைனஸ் நாற்பது, மைனஸ் முந்நூறு.
நிலாவுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது கலம்,
சத்தமில்லை, ஒரு கீறல் இல்லை.
நிறத்தைப் போர்த்தியவன்
தரையைப் போட மறந்திருக்கிறான்.

"என்னாடா சிரிப்பு, இந்நேரத்துல?"
சுவருக்கு அப்பால் பவளராணி அக்கா.

அந்தச் சுவரில்தான்
போன மாசம் அளக்க வந்த ஐயா
வெடிப்பின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கீறி
திகதி போட்டுவிட்டுப் போனார்.
இப்போது அது இரண்டு கோடு.
ஒன்றுக்கொன்று நேரில்லை.

கோப்பைத் திறந்து
புள்ளிக்கு ஓர் உயரமாய்
இறங்கும் இடத்துக்கு மட்டும் தரை எழுதினேன்.
விடியப்போகும் நேரம்
கால்கள் கொஞ்சம் புதைந்து
கலம் நின்றது.

சப்பாத்தைக் கழற்றாமல்
படுத்துக்கொண்டேன்.