417K

பாய லேபார், பதினொன்றாம் மாடி.
திரையில் பெயர் இல்லை.
நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால்
417K மட்டும்.

மாதம் பிறந்தால் பேராவூரணிக்கு நானூறு வெள்ளி.
குறிப்பு: ஸ்கூல் பீஸ்.
ஒரு மார்ச்சில் மட்டும் மூவாயிரத்து இருநூறு.
குறிப்பு: அவசரம்.
ஏப்ரலில் கணக்கை மூடிவிட்டார்.

ஐந்து வருடக் கெடு
நேற்றோடு முடிந்தது.
தேவை தீர்ந்த தரவை வைத்திருக்கக் கூடாது.

"தீபாவளிச் சலுகைக்கு ஒரு மெசேஜ் மட்டும்?"
விளம்பரப் பிரிவு ஜெர்வின் கெஞ்சினான்.
அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றேன்.
அழித்தேன்,
காப்பு நகலையும் சேர்த்து.

யூனோஸ் தாண்டுகிறது ரயில்.
பக்கத்து இருக்கைக்காரர்
பணம் அனுப்பக் கடவுச்சொல் அழுத்துகிறார்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அந்த 'அவசரம்' என்ன ஆயிற்றோ.
யாருடைய ஒப்புதலும் இல்லாமல்
இன்னும் வைத்திருக்கிறேன்.