எடுத்த இடத்திலேயே

கல்மண்டபம் தாண்டி, மாவுமில்லுக்கு மேலே,
இரண்டாம் மாடி. இருபத்தேழு படி.
எண்ணிச் சொன்னவர் டாக்டர் மெஹருன்னிசா,
மூச்சு வாங்க, கையில் ஒரு காலி டப்பாவோடு.

நான் விற்ற டப்பா.
"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"
தெரியாது.
லேபிளில் ஒரு புலி இருந்தது, அதுமட்டும் தெரியும்.
தேவகுமார் அப்போது ஸ்டான்லியில் படுத்திருந்தான்.
பத்தொன்பது வயது, பதினாறு அங்குலக் கை,
ஆணழகன் போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்,
சிறுநீர் டிகாஷன் நிறத்தில்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
அவர் என்னைத் திட்டி முடிக்க முக்கால் மணி நேரம்.
முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.
குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.
"பகல்ல இந்த இடம் சும்மாவா கிடக்கு?"

சும்மாதான் கிடந்தது.
பையன்கள் காலையில் வருவார்கள், மாலையில் வருவார்கள்,
நடுவில் கண்ணாடி தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் முதல் சீட்டு வந்தது.
மெட்ஃபார்மின், காலை ஒன்று, இரவு ஒன்று.
அதற்குக் கீழே அதே கிறுக்கலில்:
செபஸ்தி ஜிம், பதினோரு மணி, வாரம் நாலு நாள்.
மருந்துக்கடைப் பையன் அதையும்
அலமாரியில் தேடினானாம்.

வந்தார்கள்.
எண்ணூர் சாலை வரிசையில் கண்டெய்னர் லாரிக்குள்
பதினாலு மணி நேரம் உட்கார்ந்தே நகரும் பால்ராஜ்.
நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு
இறால் உரிக்கும் மூன்று பேர்.
கண்ணாடியைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.
பழைய போட்டி பேனரைப் புறம் மாற்றி
அதன்மேல் கட்டினேன்.

நாகபூஷணம் வரவில்லை.
மகன் கொண்டுவந்து தந்த சீட்டு மட்டும்
கம்பியில் குத்தியபடி இருபது நாள் ஆடியது.
நானே போனேன், விடியற்காலை மூன்றரைக்கு,
காசிமேட்டில் ஏலம் நடக்கும் இடத்துக்கு.
காலடியில் ஐஸ் தண்ணீர், தலையில் சும்மாடு,
அதன்மேல் வஞ்சிரக் கூடை.
"வெயிட்டு தூக்கச் சொல்றியா? என்னியா?
முப்பது வருசமா இன்னா பண்ணிக்கினு கீறேன் நானு?"
சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்.
பதில் கிடைக்காமல்
அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

டாக்டரும் சற்று நேரம் பேசவில்லை.
"உழைப்பு வேற, உடற்பயிற்சி வேறன்னு புத்தகத்துல இருக்கு.
அத அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இல்ல."

தடைக்காலம் வந்தது.
விசைப்படகுகள் கட்டிக்கிடந்த ஒரு நாள்
படியேறி வந்தாள், நடுவில் இரண்டு முறை நின்று.
கால் கட்டைவிரலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு.
நாலு கிலோவைக் கையில் கொடுத்தேன்.
எடுத்தாள். எடுத்தபடி நின்றாள்.
"எங்க எறக்கணும்?"
எங்கேயும் இல்லம்மா. எடுத்த எடத்துலயே.
"யாருக்கு இது?"
யாருக்கும் இல்ல.
"கூலி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மறுபடி எடுத்தாள்,
இறக்கினாள், எடுத்தாள்,
எங்கேயும் போய்ச் சேர வேண்டாத ஒரு சுமையை
முதல் தடவையாக.
பத்து முடிந்ததும்
"இன்னாய்யா இது லூசு வேலை" என்றாள்.
மறுநாளும் வந்தாள்.

மூன்று மாதச் சர்க்கரை பத்தே காலிலிருந்து
எட்டே முக்காலுக்கு வந்திருக்கிறது.
போதாது என்கிறார் டாக்டர்.
அவருக்கு எதுவும் போதாது,
படியேறும்போது மட்டும் இப்போது பேசிக்கொண்டே வருகிறார்.
புலி டப்பாவில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருக்கிறேன்,
யாருக்காவது திடீரென்று தலைசுற்றினால் கொடுக்க.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தேவகுமார் வருகிறான்.
சட்டைக் கை தொளதொளவென்று ஆடுகிறது.
அவன் எதையும் தூக்கக் கூடாது.
எண்ணலாம்.
நாகபூஷணத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு
ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணி
மறுபடியும் ஒன்பது என்கிறான்.
ஏலத்தில் எண்ணிப் பழகியவள், அவளுக்குத் தெரியாதா.
அவனைப் பார்க்காமல்
தூக்குகிறாள்.